ஒரே குணத்துக் குன்றில் விபெக்கே

விபெக்கேவுக்கு ஸ்கீவ நகரத்தில் ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் பஸ் ஏறிவிடுவாள். தான் குடியிருக்கிற குன்றின் அடிவாரத்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டேஷன் வரும்வரை பேசுவாள். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் அவர்களிடம். யாரும் இல்லையென்றால் ஓட்டுநரிடம், வயலில் நிற்கும் மாடுகளைப் பற்றி. ஸ்டேஷனில் ஒரு காபியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் பேசிக்கொண்டே திரும்புவாள். குன்று கண்ணில் பட்டதும் வாய் தானாக மூடிக்கொள்ளும். இறங்கும்போது அவளைப் பார்த்தால் மௌன விரதம் இருக்கிற ஆள் என்று சத்தியம் செய்வீர்கள்.

அப்படி நடிக்காவிட்டால் அவளுக்கு வீடு இருக்காது.

ஸ்டில்ஹோய் குன்றில் பதினைந்து வீடுகளுக்குள்தான் இருக்கும். அத்தனை வீட்டிலும் ஒரே குணம் உள்ளவர்கள். தற்செயலாக அமைந்ததில்லை, அதுதான் அங்கே விதி. அதைக் கொண்டுவந்தவள் குன்ஹில்ட். ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்கு வருகிறவர்களின் குணத்தைச் சோதிக்கிற பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்தவள். அங்கிருந்து ஓய்வு பெறும்போது அவளுக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. மனிதர்கள் சண்டை போடுவது கெட்டவர்களாக இருப்பதால் இல்லை, கலந்துகட்டி வைப்பதால்தான். வாயாடியையும் வாய் பேசாதவனையும் ஒரே கூரையின் கீழ் போட்டுவிட்டு அமைதியை எதிர்பார்த்தால் எப்படி? ஆகவே தனிமை பிடித்தவர்கள், அளந்து பேசுகிறவர்கள், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதவர்கள் மட்டும் இங்கே வரலாம். வருகிற ஒவ்வொருவரும் அந்தச் சோதனையில் தேற வேண்டும்.

விபெக்கே எஸ்பியர் துறைமுகத்தில் பிறந்தவள். மீன் ஏலத்தில் கத்திக் கத்தியே குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவள் அப்பா. அவளும் பள்ளியை விட்டதும் சலூனில் சேர்ந்துவிட்டாள். முடி வெட்டுவது பாதி வேலை, பேசுவது மீதி வேலை. இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் ப்ரேபன், ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவர். வாயில் கொழுக்கட்டை வைத்தது போல இருப்பார். ஸ்டில்ஹோய்க்குப் போக ஆசைப்பட்டவர் அவர்தான். எஸ்பியர் வீட்டை விற்றார்கள், அவர் சோதனையில் சிரமமில்லாமல் தேறினார், அவள் எழுத வேண்டியது பாக்கி. அதற்குள் ஒரு ராத்திரி முழுக்க அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. அவளை எழுப்பினால் தூக்கம் கெடுமே என்று அந்த மனிதர் எழுப்பவில்லை. விடிந்து காபி வைக்கும்போது, "ஒண்ணுமில்ல, லேசா ஒரு மாதிரி இருக்கு," என்றார். காபி கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது.

அவர் ஆசைப்பட்டபடி குன்றின் அடிவாரத்துச் சர்ச் தோட்டத்தில் புதைத்தாள். பிறகு சோதனைக்கு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ப்ரேபன் என்ன சொல்வார் என்று யோசித்து அதைப் போட்டாள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது பெரிய காரியமா? தேறிவிட்டாள். அவள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவருடைய கல்லறைச் சுவர் தெரியும். அந்த ஜன்னலுக்காகத்தான் இத்தனை திருட்டுத்தனமும்.

குன்றில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு மரப்பலகை தொங்கும். நீலப் பக்கம் வெளியே தெரிந்தால் மணி அடிக்கலாம், வெள்ளைப் பக்கம் தெரிந்தால் கூடாது. வெள்ளைதான் பெரும்பாலும் தெரியும். எல்லாப் பலகைகளையும் செதுக்கியவர் தோர்வால்ட். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் ருசி பார்க்கிற வேலையில் இருந்த கிழவர். வியாழக்கிழமை மட்டும் பொது வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். வறுத்த பன்றி இறைச்சி, பார்ஸ்லித் தழைக் குழம்பு, உருளைக்கிழங்கு. முள்கரண்டி தட்டில் படுகிற சத்தம்தான் பேச்சு. சாப்பாடு முடிந்து ஒரு கிளாஸ் உள்ளே போனதும் ஒரே ஒரு விளையாட்டு உண்டு. தங்களைப் போலவே வேறு குணக்காரர்களுக்கும் ஒரு குன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்வார்கள்.

"தலைவருங்க மட்டுமே இருக்கிற ஊரை நெனச்சுப் பாருங்க," என்றான் ஃப்ரோடே ஒருநாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நாற்பது வயதுக்காரன். "கூட்டம் போடறதுக்குத் தேதி குறிக்கவே ஒரு வருஷம் ஆகும்."

"எல்லாரும் திட்டம் போட்டு நடக்கிறவங்கன்னா?" என்றாள் குன்ஹில்ட்.

"சவப்பெட்டிக்கு இப்பவே அளவு குடுத்து வெச்சிருப்பாங்க," என்றான் அவன்.

எல்லோரும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்கள். அப்போது தோர்வால்ட், "எல்லாருமே வாயாடியா இருந்தா?" என்று கேட்டார். விபெக்கேவின் கரண்டி நின்றுவிட்டது. "பாவம், கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்காது," என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டு நேராக அவளைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் கிழவர் மேல் சந்தேகம். பொது வீட்டில் துணி துவைக்கிற அறைக்குள் அவள் நுழைந்தால் இவரும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வருவார். பேசமாட்டார், உட்கார்ந்திருப்பார். அவள் வாய் சும்மா இருக்குமா? மெஷின் ஓடுகிற சத்தத்தில் நாலு வார்த்தை, பிறகு நாற்பது வார்த்தை என்று வந்துவிடும். கிழவர் தலையாட்டிக்கொண்டே காலுறைகளை மடிப்பார். ஒருநாள் போகிறபோது, "சலூன்ல இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். விண்ணப்பத்தில் சலூன் என்று எழுதாமல் 'அழகு சாதனத் துறை' என்று எழுதியிருந்தாள்.

வசந்தம் முடிகிற சமயத்தில் ஒரு வியாழக்கிழமை குன்ஹில்ட் கிளாஸைக் கரண்டியால் மெல்லத் தட்டினாள்.

"ஒரு பஸ் டிரைவர் எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. உங்க குன்றுலேர்ந்து ஒருத்தர் வர்றாங்க, அப்பப்பா, என் காதே தேஞ்சுபோச்சுன்னாரு."

ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"யாருன்னு கேக்கலியா?" என்றான் ஃப்ரோடே.

"மேல மேல கேக்கறது எனக்குப் பழக்கமில்லையே," என்றாள் குன்ஹில்ட், அவளுக்கே அது சங்கடமாக இருந்தது போல. "ஆனா நம்மள்ல ஒருத்தர் நம்மாளு இல்ல. வருஷக் கூட்டத்தன்னைக்கு எல்லாரும் சோதனைய இன்னொரு தரம் எழுதலாம். தப்பா வந்தவங்க போகவேண்டியிருக்கும்."

அந்த நாளோடு குன்றின் நிம்மதி போயிற்று. பேசாதவர்கள் சந்தேகப்பட ஆரம்பித்தால் அது பேசுகிறவர்களின் சந்தேகத்தைவிட மோசம். கத்தித் தீர்த்துவிட வழியில்லை, உள்ளேயே புளித்துப் பொங்கும். காலை வணக்கம் சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லித் தொலைத்தால்? ஃப்ரோடே ஒருநாள் போனில் உரக்கச் சிரித்துவிட்டான். மறுநாள் வழியில் கண்டவர்களிடமெல்லாம், "அம்மா பேசினாங்க, அதான்," என்று விளக்கம் சொன்னான். கேட்காமலே விளக்கம் சொல்கிறானே, இவன்தானோ என்று பாதிப் பேர் முடிவு கட்டினார்கள். குன்ஹில்டின் திரைச்சீலை எந்நேரமும் லேசாக விலகியிருந்தது. விபெக்கே பஸ் பக்கமே போகவில்லை. கிழவர்தான் குன்ஹில்டிடம் ஏதோ ஓதியிருக்கிறார், பஸ் டிரைவர் கதையெல்லாம் சும்மா என்று அவள் உறுதியாக நம்பினாள். துணி துவைக்க அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள்.

தோர்வால்டின் பிறந்தநாள் அப்போதுதான் வந்தது. மற்ற ஊர்களில் பிறந்தநாள் என்றால் கொடியேற்றிப் பாட்டுப் பாடிக் கூட்டம் கூடும். ஸ்டில்ஹோயில் கொடி ஏறும், பாட்டும் கூட்டமும் கிடையாது. அன்றைக்கு முழுக்க அந்த ஆளை யாரும் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் பரிசு. தனிமை பிடித்தவனுக்கு அதைவிடப் பெரிய பரிசு உண்டா? கிழவர் முந்தின நாள் மாலையே பலகையை வெள்ளைப் பக்கமாகத் திருப்பிவிட்டார். காலையில் குன்ஹில்ட் கொடியேற்றினாள். கிரீமும் ஸ்ட்ராபெரியும் அடுக்கிய கேக்கில் சின்னச் சின்னக் காகிதக் கொடிகளைக் குத்தி, அவர் வாசற்படியில் வைத்துவிட்டு, நுனிக்காலில் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையிலும் கேக் அங்கேயே இருந்தது.

ராத்திரி பெய்த தூறலில் காகிதக் கொடிகள் தொய்ந்து கிரீமில் ஒட்டியிருந்தன. விபெக்கே குப்பை போடப் போகிறவள் போல அந்தப் பக்கம் நடந்தாள். வாசலில் நின்றாள். வெள்ளைப் பலகை. உள்ளே சத்தமில்லை. பரிசை இன்னொரு நாள் நீட்டி அனுபவிக்கிறாரோ என்று நினைத்தாள். பிறகு வேறொன்று தோன்றியது. இது பொறியாக இருந்தால்? பேசாதவன் எவனும் வெள்ளைப் பலகை தொங்குகிற கதவைத் தட்டமாட்டான். தட்டுகிறவன்தான் கள்ளன். கிழவரும் குன்ஹில்டும் சேர்ந்து கேக்கை வைத்து எலி பிடிக்கிறார்கள்! எதிரே குன்ஹில்ட் வீட்டைப் பார்த்தாள். திரைச்சீலை விலகியிருந்தது. குப்பைப் பையோடு அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஜன்னலிலிருந்து பார்த்தால் மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய் வருவது தெரிந்தது. ஃப்ரோடே நின்றான், கேக்கைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், போய்விட்டான். சாயங்காலம் அவள் இன்னொரு தரம் போனாள். கை மணி வரைக்கும் போயிற்று. திரைச்சீலை ஆடியதும், தலைமுடியைச் சரிசெய்கிறவள் போல அந்தக் கையைத் தலைக்குக் கொண்டுபோனாள். அப்போது ஒரு நினைப்பு வந்தது. கிழவருக்கு உள்ளே ஏதாவது ஆகியிருந்தால், தன் பேச்சைக் குன்றில் கேட்ட ஒரே சாட்சியும் போனமாதிரி. நினைத்த மறுகணம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது. இருந்தும் தட்டவில்லை.

அடுத்த நாள் காலை ஒரு மேக்பை பறவை கேக்கின் நடுவில் நின்று கொத்திக்கொண்டிருந்தது. விபெக்கே காபி வைத்தாள். அடுப்பில் காபி கொதிக்கிற சத்தம் கேட்டதும் அவளுக்கு ப்ரேபன் கடைசியாகச் சொன்னது ஞாபகம் வந்தது. ஒண்ணுமில்ல, லேசா ஒரு மாதிரி இருக்கு. இந்தக் குணக்காரர்கள் கூப்பிடமாட்டார்கள். செத்தாலும் கூப்பிடமாட்டார்கள். இதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தக் குன்றில் யார் இருக்கிறார்கள்?

மரச்செருப்பு டக்டக்கென்று ஒலிக்க ஓடினாள். மணியை அடித்தாள், கதவை உதைத்தாள். பிறகு வெள்ளைப் பலகையை ஆணியோடு பிடுங்கிக் கதவுக் கண்ணாடியை உடைத்தாள்.

"தோர்வால்ட்! யோவ் தோர்வால்ட்! இருக்கீங்களா, இல்லியா?"

முடி உலர்த்துகிற மெஷின்கள் நாலைந்து ஒன்றாக ஓடும்போதும் கேட்கும்படி பழகிய குரல் அது. ஒரு வருஷமாக அடக்கி வைத்தது மொத்தமும் வெளியே வந்தது. எல்லாக் கதவுகளும் திறந்தன. அவ்வளவு சீக்கிரம் எப்படித் திறந்தன என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. ஒருவர்கூட வீட்டுச் செருப்போடு வரவில்லை. எல்லோரும் காலணி மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள்.

கிழவர் குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கையெட்டிய இடத்தில் கிடந்த ஈரத் துண்டைச் சப்பிச் சப்பியே உயிரைப் பிடித்து வைத்திருந்தார். உதடெல்லாம் வெடிப்பு. விபெக்கே தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "மன்னிச்சுக்கம்மா. தொந்தரவு."

வைபோர்க் ஆஸ்பத்திரியில் அவர் பேசுகிற நிலைக்கு வந்தபின் விபெக்கே போனாள். மனதில் அரித்துக்கொண்டிருந்ததை எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"குன்ஹில்ட்கிட்ட என்னைப் பத்திச் சொன்னது நீங்கதானே?"

"நான் எதுக்கும்மா சொல்லணும்? எனக்கு அங்க இருந்த ஒரே ரேடியோ நீதான்."

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப வாயாடிங்க ஊருன்னு என்னைப் பார்த்துச் சொன்னீங்களே?"

"உன்னை வம்புக்கு இழுத்தேன். பதிலுக்கு ஏதாச்சும் சொல்லுவியான்னு பார்த்தேன், நீ திருதிருன்னு முழிச்சே." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "எல்லாரும் வந்தீங்க, தெரியுமா? படுத்துக்கிட்டே கேட்டுட்டிருந்தேன். வாசல் வரைக்கும் வருவீங்க, நிப்பீங்க, போயிருவீங்க. காலடிய வெச்சே ஆளைச் சொல்லிருவேன். குன்ஹில்ட் நாலஞ்சு தரம் வந்தா."

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

"மொத நாள் போட்டிருக்கலாம். வெள்ளைய மாட்டுனவனே நான். மாட்டிட்டுக் கத்துனா நல்லாவா இருக்கும்? அப்புறம் கத்தலாம்னு பாத்தேன், தொண்டை இல்ல." அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "உன் மரச்செருப்பு சத்தமும் கேட்டுச்சு. ரெண்டு தரம். ஒவ்வொரு தரமும் அப்பாடா, அவ வந்துட்டான்னு நெனச்சேன்."

விபெக்கே அழுதாள். கிழவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார், ஆனால் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

வருஷக் கூட்டத்தில் அவள் மறைக்கவில்லை. புருஷனின் பதில்களை எழுதி உள்ளே வந்தவள் தான்தான், பஸ்ஸில் பேசுகிறவளும் தான்தான் என்று எழுந்து நின்று சொன்னாள். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கண்ணாடி உடைந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே.

குன்ஹில்டின் கண்கள் வீங்கியிருந்தன. "நாங்க யாரும் உங்களைப் போகச் சொல்ல மாட்டோம்னு நெனைக்காதீங்க, விதி விதிதான். ஆனா உங்க பதிலை நீங்க எழுதவே இல்லியே. இப்ப எழுதுங்க, நெஜமா. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

எல்லோரும் பார்க்க அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். வெளியே போவது உறுதி என்று தெரிந்ததால் பொய் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. போன் மணி அடித்தால் சந்தோஷமா, பதற்றமா? இந்த வருஷம் முழுக்கப் பதற்றம்தான். பேசும் முன் யோசிப்பீர்களா? ஒவ்வொரு வார்த்தைக்கும். நாலு பேர் கூடிய இடத்தில் கவனிப்பீர்களா, கலந்துகொள்வீர்களா? கவனித்தாள், வேறென்ன செய்தாள். பக்கத்து வீட்டுக் கதவு வெகுநேரம் மூடியே இருந்தால் உடனே தட்டுவீர்களா, காத்திருப்பீர்களா? அந்தக் கேள்வியில் அவள் விரல் நின்றது. ஒரு வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் தட்டியிருப்பாள். இப்போது காத்திருப்பேன் என்பதை அழுத்தினாள். அதுதான் உண்மை.

குன்ஹில்ட் முடிவைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை அந்தக் குன்றில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை.

"நீங்க நம்மாளுதான், விபெக்கே! சுத்தமா நம்ம குணம். வேற எதுவும் இல்ல."

அங்கே கைதட்டும் வழக்கம் இல்லை. எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டினார்கள். ஃப்ரோடே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். விபெக்கே மட்டும் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டாள்.

"இத்தன நாளா நீங்க என்னைய வெளிய அனுப்பிருவீங்கன்னுதான் பயந்துட்டிருந்தேன்," என்றாள். "இப்ப வெச்சுக்கறோம்னு சொல்றீங்களே, இதுக்குத்தான் பயமா இருக்கு."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்கிற குணம் அங்கே யாருக்கும் கிடையாது.

இப்போது ஸ்கீவவில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறையில் இருக்கிறாள். கீழே மாவு பிசைகிறவர்கள் விடியற்காலையிலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள், மாடிப்படியில் யார் போனாலும் கதவைத் திறந்து விசாரிப்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் அதே பஸ்தான், இப்போது எதிர்த் திசையில். குன்றின் அடிவாரத்தில் இறங்கி ப்ரேபனுக்குப் பூ வைத்துவிட்டு, மேலே ஏறாமல் திரும்பிவிடுவாள். தோர்வால்டும் குன்றுக்குத் திரும்பவில்லை. ஸ்கீவவிலேயே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மாதம் ஒரு தரம் விபெக்கே கத்திரியும் சீப்புமாக வந்து அவருக்கு முடி வெட்டிவிடுவாள். வாயும் கையும் சேர்ந்தே ஓடும். பேக்கரிக்காரன் மனைவி கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனது, மாடிப்படிப் பூனை குட்டி போட்டது, எல்லாம் வரும். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

போன மாதம் அப்படித்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். கழுத்துப் பக்கம் முடிந்து காதுப் பக்கம் வந்திருந்தாள். கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. தான் வாயைத் திறந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. தோர்வால்ட் கண்ணைத் திறந்து கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா," என்றார், "மறுபடியும் வாசல்ல நிக்கிறியா?"